பள்ளி ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கினால் பிள்ளைகள் தூங்குவார்களா, போனில் இருப்பார்களா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மகளுக்கு 15 வயது. இரவு 11.30-க்கு முன்னால் கண்ணை மூடுவதில்லை. பள்ளி 7.30-க்கு என்பதால் 5.45-க்கே உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. முதல் பீரியடில் தூங்கி வழிகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை எழுவதில்லை. இப்போது பள்ளியை 8.30-க்குத் தொடங்கலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறார்கள். நீங்கள் சரி என்கிறீர்கள். 'அந்த ஒரு மணி நேரத்தையும் போனில்தான் போக்குவாள்' என்கிறார் உங்கள் கணவர். கேட்டிருப்பது பள்ளி நேரத்தைப் பற்றி என்றாலும், வீட்டில் உங்கள் இருவருக்கும் நடக்கும் விவாதம் வேறு என்று தோன்றுகிறது: இவள் இரவில் விழித்திருப்பது அடம்பிடித்துப் பழகியதா, உடம்பே அப்படித்தான் இருக்கிறதா?

நான் குழந்தை மருத்துவர். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் தூக்கப் பிரச்சினைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்கள் மகளை நேரில் பார்க்கவில்லை என்பதால், அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி தள்ளித் தொடங்கினால் பிள்ளைகள் கூடுதலாகத் தூங்குகிறார்கள். தள்ளிவைத்த நேரம் முழுவதும் தூக்கமாக மாறுவதில்லை, ஆனால் நன்றாக அளந்து பார்த்த சில இடங்களில் பாதிக்கு மேல் மாறியிருக்கிறது. இதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்வேன். மதிப்பெண் கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அங்கே நான் கூடச் சேர மாட்டேன்.

பருவமடையும் காலத்தை ஒட்டி உடம்பின் உள்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே தள்ளிப்போகிறது. சின்ன வயதில் 9 மணிக்குச் சொக்கி விழுந்த அதே பிள்ளைக்கு இப்போது 11 மணிவரை தூக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நகர்வு பருவ வளர்ச்சியோடு சேர்ந்து போவதை அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கேடன் குழுவினர் 1993-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இதையே பார்த்திருக்கிறார்கள். வேறு சில பாலூட்டிகளிலும் பருவமடையும் கட்டத்தில் இதே போன்ற நகர்வு தெரிகிறது. அவற்றிடம் போன் இல்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். ஜெர்மனியின் உள்கடிகார ஆய்வாளர் டில் ரோனபெர்க் 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தப் பின்தள்ளல் ஏறக்குறைய 20 வயதில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விழித்திருக்க விழித்திருக்க நம் உடம்பில் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சிறு பிள்ளைகளில் இது வேகமாக ஏறும்; வளரிளம் பருவம் முதிர முதிர நிதானமாகத்தான் ஏறும். அதனால் அவர்களால் ராத்திரி நெடுநேரம் சிரமமில்லாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. தூக்கத்தின் தேவை குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. தூங்கும் நேரம் பின்னால் போய்விட்டது, எழும் நேரத்தைப் பள்ளி மணி பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் நசுங்குவது விடியற்காலைத் தூக்கம். கனவுகள் அதிகம் வரும் ரெம் உறக்கம் இரவின் கடைசி மணி நேரங்களில்தான் நிறைய இருக்கும் என்பதால், வெட்டுப்படுவதில் பெரும் பங்கு அதுதான்.

'அப்படியென்றால் 9.30-க்கே படுக்க வைத்துவிடலாமே' என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளை படுக்கும், தூங்காது. நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்கடிகாரம் விழிப்பைத்தான் தாங்கிப் பிடித்திருக்கும். இஸ்ரேலியத் தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1980-களில் இதைத் தூக்கத்துக்குத் தடை போட்ட நேரம் என்றே அழைத்தார். உங்கள் மகளுக்கு அந்த நேரம் 9-இல் இருந்து 11 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரம் இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், நாளடைவில் படுக்கை என்றாலே எரிச்சல் என்று ஆகிவிடும். தூக்கமின்மையோடு என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு அது இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

முதல் பீரியடில் தூங்கி வழிவதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு நான் எப்போதும் கார்ஸ்கேடன் குழுவின் இன்னொரு ஆய்வைச் சொல்வேன். 1998-இல் வெளிவந்தது. 9-ஆம் வகுப்பில் 8.25-க்குப் பள்ளி சென்ற மாணவர்கள் 10-ஆம் வகுப்புக்குப் போனதும் 7.20-க்குப் போக வேண்டியிருந்தது. அவர்களை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, காலை 8.30 மணிக்கு இருட்டறையில் படுக்கச் சொன்னார்கள். இரவு தூங்கி எழுந்து வந்த பிள்ளைகள், சராசரியாக 5 நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டார்கள். இதைவிட வியப்பு என்னவென்றால், அந்தக் குட்டித் தூக்கப் பரிசோதனைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு முறையாவது ரெம் உறக்கத்துக்குள் போனார்கள். வழக்கமாக ஒருவர் தூங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் வாக்கில்தான் ரெம் வரும். சில நிமிடங்களில் அது வந்தால் நார்கொலெப்சி என்ற தூக்க நோய் இருக்கிறதா என்று நாங்கள் சந்தேகப்படுவோம். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லை. பள்ளி தொடங்கிவிட்ட நேரத்தில் அவர்கள் மூளைக்கு இன்னும் இரவு முடியவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் 25 பேர்தான். எண்ணிக்கை சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மகளின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். என்னிடம் வருபவர்களிடம் இரண்டு வாரத் தூக்க டயரி எழுதிவரச் சொல்வேன். நீங்கள் கொடுத்த நேரங்களே இப்போதைக்குப் போதும். பள்ளி நாளில் 11.30 முதல் 5.45 வரை, ஆறேகால் மணி நேரம். அதன் நடுப்புள்ளி இரவு 2.37. சனிக்கிழமை இரவு 1 மணிக்குத் தூங்கி 10-க்கு எழுகிறாள் என்றால் 9 மணி நேரம், நடுப்புள்ளி 5.30. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 மணி நேரம். வாராவாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்கு விமானம் ஏறிப்போய், திங்கள் காலையில் திரும்பி வந்து வகுப்பில் உட்காருவதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைச் சோம்பல் என்று திட்டாதீர்கள், அது ஐந்து நாள் கடனுக்கு வட்டி கட்டுவது. ஆனால் 10 மணிவரை தூங்குவதால் கடிகாரம் இன்னும் பின்னால் போய் ஞாயிறு இரவு தூக்கம் வராமல் போகிறது என்பதும் உண்மைதான்.

சரி, பள்ளியைத் தள்ளிவைத்த ஊர்களில் என்ன நடந்தது? எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்த ஆய்வு, ஏனென்றால் அங்கே பிள்ளைகளை 'எத்தனை மணிக்குத் தூங்கினாய்' என்று வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்டதோடு நிறுத்தவில்லை. அசைவைப் பதிவு செய்யும் கருவியை மணிக்கட்டில் கட்டி அளந்தார்கள். 2016-இல் அந்த நகரம் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-இல் இருந்து 8.45-க்கு மாற்றியது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு பள்ளிகளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அளந்ததில், பள்ளி நாள் தூக்கம் 6 மணி 50 நிமிடத்தில் இருந்து 7 மணி 24 நிமிடமாக ஏறியது. 55 நிமிடம் தள்ளியதில் 34 நிமிடம் தூக்கமாயிற்று. உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு நேரடியான பதிலும் அதில் உண்டு: தூங்கப்போகும் நேரம் குறிப்பிடத்தக்க அளவில் பின்னால் போகவில்லை. எழும் நேரம்தான் நகர்ந்தது. கொலராடோ மாநிலத்தின் செர்ரி க்ரீக் பள்ளி மாவட்டத்தில் 2017-இல் உயர்நிலைப் பள்ளியை 7.10-இல் இருந்து 8.20-க்குத் தள்ளினார்கள், மாணவர்கள் சொன்ன கணக்குப்படி தூக்கம் 45 நிமிடம் கூடியது.

எல்லா இடத்திலும் இவ்வளவு கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி 7.30-இல் இருந்து 8.15-க்கு மாறியது. ஒரு மாதம் கழித்துக் கருவியால் அளந்தபோது தூக்கம் 18 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து அது 10 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. முதல் மாதத்திலேயே படுக்கும் நேரம் 9 நிமிடம் பின்னால் போயிருந்தது. உங்கள் கணவர் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை என்பதற்கு இதை அவர் தாராளமாக எடுத்துக்காட்டலாம். ஆனால் ஒன்பது நிமிடம்தான், முக்கால் மணி நேரமும் அல்ல. வீட்டுப்பாடமும் படிப்பும் இரவை நிறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் காலையில் கொடுப்பதில் கொஞ்சம் இரவில் கசியத்தான் செய்யும். ஜெர்மனியில் ஆல்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு பள்ளி இன்னும் தாராளமாகப் போனது: 8 மணிக்கு வருவதா 9 மணிக்கா என்பதை மாணவரே தினமும் முடிவுசெய்யலாம். 9 மணிக்கு வந்த நாட்களில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். இருந்தும் மொத்தச் சராசரி கூடவில்லை, ஏனென்றால் அந்தச் சலுகையை வாரத்தில் இரண்டு நாள் அளவுக்குத்தான் பயன்படுத்தினார்கள். இதில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: மாற்றுவதென்றால் எல்லா நாளும், எல்லாருக்கும் மாற்ற வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சியாட்டிலில் ஒரு உயிரியல் வகுப்பின் மதிப்பெண் 4.5 சதவீதம் கூடியதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. முன்னால் அளந்த மாணவர்கள் வேறு, பின்னால் அளந்தவர்கள் வேறு. மதிப்பெண் போட்ட ஆசிரியருக்கும் நேரம் மாறியது தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். இருப்பதில் உறுதியான சான்று அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் இருந்து வருகிறது. அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு நேரத்தைக் குலுக்கல் போலத்தான் ஒதுக்குகிறார்கள், யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. காலை 8 மணிக்கு முன்னால் வகுப்பு விழுந்தவர்கள் அந்த வகுப்பில் மட்டுமல்லாமல் அன்றைய மற்ற வகுப்புகளிலும் பின்தங்கினார்கள் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ராணுவக் கல்லூரி வாழ்க்கையும் வீட்டில் இருந்து பள்ளி போகும் 15 வயதுப் பெண்ணின் வாழ்க்கையும் ஒன்றல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தபோது, பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றுதான் சொல்ல முடிந்தது. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து சோதிப்பது நடைமுறையில் அவ்வளவு கடினம்.

சாலை விபத்து பற்றியும் படித்திருப்பீர்கள். கென்டக்கி மாநிலத்தின் ஃபயெட் மாவட்டத்தில் பள்ளி நேரம் தள்ளிப்போன பிறகு பதின்வயது ஓட்டுநர்களின் விபத்து விகிதம் 16.5 சதவீதம் குறைந்தது, அதே காலத்தில் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் அது 7.8 சதவீதம் ஏறியது. மாணவர்களே கார் ஓட்டிப் பள்ளிக்குப் போகும் இடங்களுக்கு இது பெரிய விஷயம். உங்கள் மகள் ஓட்டுவதில்லை என்றால் உங்கள் முடிவில் இதற்கு இடமில்லை. மனநிலையைப் பொறுத்தவரை, குறைந்த தூக்கமும் சோர்வும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது உறுதி. எது எதற்குக் காரணம் என்பதும், பள்ளி நேரத்தை மாற்றினால் மட்டும் அது எவ்வளவு சரியாகும் என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

போனைப் பற்றி உங்கள் கணவருக்காக இரண்டு வார்த்தை. திரையின் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நாங்கள் மருத்துவர்களே கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டோம். 2015-இல் வந்த ஒரு ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்நூல் படித்தவர்களுக்கு மெலடோனின் நன்றாகவே தள்ளிப்போனது; தூங்க எடுத்துக்கொண்ட நேரம் கூடியது என்னவோ 10 நிமிடம்தான். என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிட அதில் ஓடும் பேச்சுதான் பெரிய காரணம்: தோழிகளின் குழுவில் 11 மணிக்குக் கிளம்பும் சண்டையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் தூங்காது. ஆகவே போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடச் சொல்வது நல்ல யோசனைதான், வீட்டில் பெரியவர்களின் போனும் அதே இடத்துக்குப் போனால். அதைச் செய்தாலும் அவள் 9.30-க்குத் தூங்கிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். 11-க்குத் தூங்கினால் அதுவே நல்ல முன்னேற்றம்.

பள்ளி 8.30-க்கு மாறி, அவள் 6.45-க்கு எழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். படுக்கும் நேரம் மாறாவிட்டால் ஏழேகால் மணி நேரம் கிடைக்கும். 8-ஐத் தொடவில்லை. அதனால் பள்ளி நேரத்தோடு வேறு சிலவும் வேண்டும்: எழுந்ததும் ஜன்னலைத் திறந்தோ வெளியே நின்றோ நல்ல பகல் வெளிச்சம், மாலைக்குப் பிறகு காபி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எழும் நேரம் பள்ளி நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் இருப்பது. பள்ளி விட்டு வந்து கண்ணைச் சுழற்றினால் 20 நிமிடம் தூங்கட்டும், 6 மணிக்கு மேல் வேண்டாம். மெலடோனின் மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது, தப்பான நேரத்தில் கொடுத்தால் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும். விடுமுறையில் ஒரு வாரம் தொடர்ந்து 9 மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் தூங்கி விழுந்தால், பலமாகக் குறட்டை விட்டால், இரவில் கால்கள் குறுகுறுத்துப் படுக்க முடியாமல் போனால், சிரிக்கும்போது திடீரென்று முழங்கால் தளர்ந்தால், பள்ளி நேரத்தைப் பற்றிய விவாதத்தை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூட்டத்தில் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் சொல்கிறேன், அவற்றில் சில நியாயமானவை. கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் போட்டு, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றது. ஃபுளோரிடா 2023-இல் இதே போன்ற சட்டம் போட்டு, அது நடைமுறைக்கு வரும் முன்பே 2025-இல் விலக்கிக்கொண்டது. பேருந்துகளும் செலவும்தான் மாவட்டங்கள் சொன்ன தடைகள். அதே பேருந்துகளே சின்ன வகுப்புகளுக்கும் ஓடுகின்றன என்றால், பெரிய வகுப்புகளைத் தள்ளும்போது சின்ன வகுப்புகளை முன்னால் இழுப்பார்கள். செர்ரி க்ரீக்கில் அப்படித்தான் செய்தார்கள்: தொடக்கப் பள்ளி 9-இல் இருந்து 8-க்கு வந்தது, அந்தப் பிள்ளைகளுக்கு 11 நிமிடத் தூக்கம் குறைந்தது. சிறியவர்களின் கடிகாரம் முன்னால் இருப்பதால் இழப்பு அவ்வளவோடு நின்றது. 8 மணிவரை பரவாயில்லை என்பேன், 7 மணிக்கு இழுத்தால் எதிர்ப்பேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இல்லை, அதைப் பள்ளிதான் தீர்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் ஆதரித்துப் பேசலாம், ஆனால் சில உத்தரவாதங்களைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு. கால் மணி நேரம் தள்ளிவிட்டு மாற்றிவிட்டோம் என்று சொல்லக் கூடாது, முழு ஒரு மணி நேரம் வேண்டும். 8.30-க்கு முன்னால் சிறப்பு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி என்று 7 மணியைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. கலிஃபோர்னியச் சட்டத்திலேயே சிறு எண்ணிக்கையிலான மாணவர்களுக்கான அதிகாலை வகுப்புகளுக்கு விலக்கு இருக்கிறது. மாலையில் நீளும் ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட வீட்டுப்பாடம் குறைய வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரில் சுருங்கியதைப் போல இங்கும் சுருங்கும். மாற்றத்துக்கு முன்னால் இரண்டு வாரம், ஒரு மாதம் கழித்து இரண்டு வாரம், ஒரு வருடம் கழித்து இரண்டு வாரம் மாணவர்கள் தூக்க டயரி எழுதட்டும். முதல் மாதக் கணக்கை மட்டும் காட்டி வெற்றி என்று பள்ளி அறிவித்தால், அடுத்த வருடத்துக் கணக்கையும் காட்டச் சொல்லி உங்கள் கணவரையே கேட்கவிடுங்கள், அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார்.